ஆழ்கடல் கடற்பீச்சிகள்: உடலமைப்பு ஒரு குடும்பம், மரபணு இன்னொரு குடும்பம் காட்டினால் எதை எடுப்பது?

அலைவாய்:

வணக்கம். இந்தியப் பெருங்கடலின் ஆழ்சமவெளியில், 3,000 மீட்டருக்கும் கீழே இழுவைச் சட்டத்தில் வந்த கடற்பீச்சிகளை (அசிடியன்களை) வகைப்படுத்த வேண்டியிருக்கிறது. எல்லாம் தனித்து வாழ்பவை, கூட்டுயிரி எதுவும் இல்லை. கையில் நான்கு விதம் இருக்கின்றன.

(அ) 3 முதல் 5 மி.மீ. அளவில் பொத்தான் வடிவம். மேலுறை முழுக்க மணலும் ஃபோராமினிஃபெரா என்ற ஒருசெல் உயிரிகளின் ஓடுகளும், அடியில் மயிர் போன்ற வேரிழைகள். ஏழெட்டு மாதிரிகள்.

(ஆ) நீண்ட காம்பின் நுனியில் முட்டை வடிவ உடல். இரண்டு.

(இ) கண்ணாடி போன்ற மேலுறை, மேலும் கீழுமாக இரண்டு பெரிய உதடுகள் உள்ள வாய். ஒன்றே ஒன்று.

(ஈ) மணல் போர்த்திய உருண்டை, வாயைச் சுற்றி விரல் போன்ற தசைப்பற்றான மடல்கள். இரண்டு.

பாதி மாதிரிகள் ஃபார்மலினில், மீதி 96% எத்தனாலில். ஃபோல்மர் பிரைமர்களால் (பெருக்க வேண்டிய துண்டின் இரு முனையிலும் ஒட்டும் சிறு டிஎன்ஏ இழைகள்) சிஓஐ என்ற மைட்டோகாண்ட்ரியா மரபணுவைப் பெருக்கியதில் (அ) வகையில் மட்டும் பட்டை வந்தது. அதில் ஒரு வரிசையைப் பிளாஸ்டில் (தரவுத்தளத்தில் ஒத்த வரிசை தேடும் கருவி) போட்டால் கோபிபாட் (சிறு ஓட்டுடலி) என்கிறது. (ஈ) வகையின் 18எஸ் (ரைபோசோம் ஆர்என்ஏ மரபணு) வரிசை மால்குலிடே குடும்பத்தின் பக்கத்தில் போய் நிற்கிறது. பழைய நூல்களோ இந்த உருவத்தைச் சோர்பெரேசியா என்று தனி வகுப்பாகவே வைக்கின்றன. (அ) வகையில் செவுள் பையில் மடிப்பே இல்லாததால் ஸ்டையலிடே குடும்பம் என்று எழுதவும் தயக்கம்.

எந்த உறுப்பை நம்புவது, எந்த மரபணுவை எந்தக் கேள்விக்குப் பயன்படுத்துவது, ஒரே ஒரு மாதிரி இருக்கும்போது எந்த வரிசையில் வேலை செய்வது? அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

---

செவுள்பை:

முதலில் உங்கள் தயக்கத்தின் வேரைப் பார்த்துவிடலாம். அசிடியன்களின் மூன்று பெரும் பிரிவுகளான அப்ளூசோபிராங்கியா, ஃபிளெபோபிராங்கியா, ஸ்டோலிடோபிராங்கியா மூன்றும் 1886-இல் லஹீல் செவுள் பையின் அமைப்பை வைத்துப் பிரித்தவை. ஆழ்கடலில் முதலில் சிதைந்துபோவது அதே செவுள் பைதான். அங்கே நீரில் மிதக்கும் உணவு மிகக் குறைவு. நுண்மயிர்களை இடைவிடாமல் அடித்து நீரை உறிஞ்சும் செலவுக்கு ஏற்ற வரவு கிடைப்பதில்லை. அதனால் வெவ்வேறு வம்சங்கள் தனித்தனியாக ஒரே வழிகளில் போயிருக்கின்றன. ஸ்டிக்மாக்கள் (செவுள் பையின் நுண்மயிர்த் துளைகள்) மறைந்து பெரிய கண்களுள்ள வலையாகச் செவுள் பை மாறுவது ஒரு வழி, உடல் சிறுத்து மடிப்புகள் தட்டையாவது இன்னொன்று, வாய் பெருத்து இரையைப் பிடிப்பது மூன்றாவது. ஆழமற்ற கடலுக்கு எழுதிய திறவுகோலை வைத்துக்கொண்டு "மடிப்பு உண்டா, இல்லையா" என்று தொடங்கினால், முதல் படியிலேயே தவறான கிளைக்குள் போய்விடுவீர்கள்.

நம்ப வேண்டியவை நான்கு: இனப்பெருக்கச் சுரப்பி எங்கே இருக்கிறது, எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது, குடல் செவுள் பைக்கு எந்தப் பக்கம், வாய்க்குழலின் உணர்நீட்சிகள் கிளைத்தவையா, கிளைக்காதவையா, சிறுநீரகப் பை உண்டா. இவை உணவுப் பற்றாக்குறையால் எளிதில் மாறுவதில்லை.

ஸ்டோலிடோபிராங்கியாவில் சுரப்பிகள் உடல்சுவரின் உட்புறத்தில் ஒட்டியிருக்கும், குடல் இடப்பக்கம். ஃபிளெபோபிராங்கியாவில் சுரப்பி குடல் வளையத்தோடு சேர்ந்திருக்கும். அதற்குள்ளே அசிடியிடேயின் குடல் செவுள் பையின் இடப்பக்கம், கொரெல்லிடேயின் குடல் வலப்பக்கம். ஸ்டோலிடோபிராங்கியாவில் கிளைக்காத உணர்நீட்சி என்றால் ஸ்டையலிடே. கிளைத்திருந்தால் பையூரிடே அல்லது மால்குலிடே. வலப்பக்கத்தில் நீளமான, மூடிய சிறுநீரகப் பை இருந்தால் மால்குலிடே என்று உறுதி.

வெட்டும் முறை: மேலுறையை உரித்துவிட்டு, வாய்க்குழலின் விளிம்பில் தொடங்கி, வயிற்றுப்புறக் கோட்டில் எண்டோஸ்டைலுக்கு (செவுள் பையின் வயிற்றுப்புறப் பள்ளம்) சற்று வலப்பக்கமாக அடிவரை வெட்டிப் புத்தகம் போல விரியுங்கள். உட்புறம் மேலே, வாய்க்குழல் உச்சியில் இருக்கும்படி மெழுகுத் தட்டில் நுண்ஊசியால் குத்திக்கொள்ளலாம். இப்போது விலங்கின் வலப்பக்கம் உங்கள் இடக்கையருகே இருக்கும். இடம் வலம் மாறிய விளக்கங்கள் பழைய நூல்களிலும் உண்டு, புதிய கட்டுரைகளிலும் உண்டு. ஒவ்வொரு படத்திலும் எந்தப் பக்கம் என்று எழுதிவிடுவது நல்லது. செவுள் பையை முழுவதும் பிய்த்தெறிய வேண்டாம். ஒரு பக்கத்தை மட்டும் பிரித்து எடுத்தால் அடியில் உள்ள சுரப்பி தெரியும், மறுபக்கம் ஒப்பீட்டுக்கு நிற்கும்.

3 மி.மீ. விலங்கில் சாயம் ஏற்றாமல் எதுவும் தெரியாது. ஹீமாலம் சாயத்தில் சில நிமிடம் வைத்து, குழாய்த் தண்ணீரில் நீலமாகும்வரை கழுவி, எத்தனால் படிகளில் நீரகற்றி, கிராம்பு எண்ணெயில் தெளிவாக்கி, கனடா பால்சத்தில் முழு உடல்சுவராகவே கண்ணாடியில் பதியுங்கள். பாரிஸ் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் கிளாட் மோனியோவும் ஃபிரான்சுவாஸ் மோனியோவும் ஆழ்கடல் அசிடியன்களை விவரித்ததில் பெரும்பங்கு இத்தகைய சாயமேற்றிய பதிவுகளில்தான் நின்றது. சாயம் அதிகமானால் விந்தகமும் அண்டகமும் ஒரே கறுப்பாகிவிடும், 1% அமில ஆல்கஹாலில் சில நொடிகள் காட்டி இறக்கலாம். ஸ்பிக்யூல் (திசுவுக்குள் இருக்கும் நுண்ணிய சுண்ணாம்பு முள்) உள்ள மாதிரிக்கு அமிலத்தை அறவே தொடாதீர்கள்.

உங்கள் (அ): கிளைக்காத உணர்நீட்சி, இருபக்கமும் உடல்சுவரில் சுரப்பி என்றால், மடிப்பு இல்லாவிட்டாலும் அது ஸ்டையலிடேதான். பக்கத்துக்கு ஒரே சுரப்பி என்றால் டிகார்பாவைப் பாருங்கள். அண்டகம் நீண்ட குழாயாகவும், விந்தகக் கொத்துகள் அதன் ஓரங்களில் உடல்சுவரின் மேல் தனியாகவும் இருந்தால் ஸ்டையலா. இரண்டும் ஒரே சவ்வுக்குள், விந்தகம் அண்டகத்தின் அடியில் இருந்தால் நெமிடோகார்பா. சிறு பைகளாகப் பல இருந்தால் பாலிகார்பா. இதை முடிவு செய்யும் முன் ஒன்றைக் கட்டாயம் பாருங்கள்: அண்டகத்தில் முதிர்ந்த, மஞ்சள்கரு நிறைந்த சூல்முட்டைகள் உண்டா? ஆழ்கடலில் சில மில்லிமீட்டரிலேயே முதிர்ச்சி அடையும் சிற்றினங்கள் உண்டு. அதே அளவில் பெரிய சிற்றினங்களின் குஞ்சுகளும் வரும், குஞ்சுகளுக்கும் மடிப்பு முழுமையாகியிருக்காது. முதிர்ந்த சூல்முட்டை இல்லாத மாதிரியை வைத்துப் புதிய சிற்றினம் எழுதக் கூடாது.

மடிப்பு தட்டையாகிவிட்டாலும் அதன் தடம் நெடுக்கு நாளங்களின் நெருக்கத்தில் மிஞ்சியிருக்கும். பக்கவாரியாக எண்ணி, "முதுகுத் தகடு 3 (6) 2 (5) 2 (4) 1 எண்டோஸ்டைல்" என்பதுபோலச் சூத்திரமாக எழுதுங்கள். அடைப்புக்குள் இருப்பவை மடிப்பின் மேல் உள்ளவை. மேலே உள்ள எண்கள் வடிவத்தைக் காட்ட மட்டுமே.

(ஆ) ஏறக்குறைய நிச்சயமாகக் கூலியோலஸ், பையூரிடே. 1872 முதல் 1876 வரை நடந்த சேலஞ்சர் பயணத்தின் மாதிரிகளிலிருந்து ஹெர்ட்மன் 1881-இல் உருவாக்கிய பேரினம். முக்கோண வாய்த்துளை, இரண்டு உதடுள்ள வெளியேற்றுத் துளை, கிளைத்த உணர்நீட்சிகள், ஸ்டிக்மா இல்லாத வலை போன்ற செவுள் பை ஆகியவற்றைச் சரிபார்த்துவிட்டால் போதும். சிற்றினத்துக்கு மேலுறையில் உள்ள சிறு புடைப்புகளின் வரிசை அல்லது முகடு, சுரப்பிகளின் எண்ணிக்கை, ஸ்பிக்யூல் வடிவம் மூன்றும் வேண்டும். உங்கள் ஃபார்மலின் மாதிரியில் ஸ்பிக்யூல் தெரியவில்லை என்றால், இல்லை என்று எழுதிவிடாதீர்கள். நடுநிலையாக்காத ஃபார்மலின் நாளடைவில் அமிலமாகிச் சுண்ணாம்பு ஸ்பிக்யூலைக் கரைத்துவிடும். எத்தனால் மாதிரியிலிருந்து செவுள் பையின் சிறு துண்டை எடுத்து, சோடியம் ஹைப்போகுளோரைட்டில் திசு கரைந்ததும், வாலை நீரில் மூன்று நான்கு முறை அலசி, எத்தனாலில் உலர்த்திப் பாருங்கள்.

(இ), (ஈ) பற்றி மரபணுக்காரர்கள் எழுதட்டும், பிறகு சேர்த்துக்கொள்கிறேன்.

---

பிசிஆர்மேசை:

கோபிபாட் வந்ததில் வியப்பில்லை. ஃபோல்மர் பிரைமர்கள் 1994-இல் பல்வேறு முதுகெலும்பிலிகளுக்குப் பொதுவாக வடிவமைக்கப்பட்டவை. டியூனிகேட்டுகளின் (அசிடியன்கள் சேர்ந்த பெரும் பிரிவு) மைட்டோகாண்ட்ரியா மரபணுக்கள் மிக வேகமாக மாறியவை, பிரைமர் ஒட்டும் இடமே பொருந்தாது. குடலில் கிடக்கும் கோபிபாட்டுக்கோ கச்சிதமாகப் பொருந்தும். திசுவில் 99 பங்கு அசிடியனும் ஒரு பங்கு இரையும் இருந்தாலும் பெருகுவது இரைதான்.

ஆகவே திசு எடுக்கும் இடம் முக்கியம். குடல் கூடாது, செவுள் பை கூடாது, மேலுறையும் கூடாது (அதில் ஒட்டியிருப்பவை ஏராளம்). வெளியேற்றுக் குழலின் தசையிலிருந்து, அல்லது அதற்கருகே உடல்சுவரிலிருந்து 10 முதல் 20 மி.கி. போதும். அந்த இடத்தில் வெட்டினால் செவுள்பை சொன்ன வயிற்றுப்புற வெட்டுக்கும் இடைஞ்சல் வராது. எடுத்த துண்டைச் சுத்தமான எத்தனாலில் இரண்டு முறை அலசுங்கள். 3 மி.மீ. விலங்கில் 10 மி.கி. கிடைக்காது. ஒரு பக்கக் குழல் தசை மட்டும் எடுத்து, கடைசியில் கரைக்கும் நீரை 30 மைக்ரோலிட்டராகக் குறைத்துக்கொள்ளுங்கள்.

பிரித்தெடுப்பில் இரண்டு தொல்லை. ஒன்று, மேலுறைத் துணுக்கு ஒட்டியிருந்தால் அதன் செல்லுலோசும் மற்றப் பாலிசாக்கரைடுகளும் டிஎன்ஏவோடு சேர்ந்து வழவழப்பாக வரும், பிசிஆர் (மரபணுத் துண்டைப் பெருக்கும் வினை) நின்றுவிடும். இரண்டு, சில அசிடியன்களின் திசுவில் அமிலம் நிறைந்த செல்கள் உண்டு, எத்தனால் மெதுவாக ஊடுருவினால் அதற்குள் டிஎன்ஏ துண்டாகிவிடும். முதலாவதற்கு 2% சிடிஏபி (பாலிசாக்கரைடைப் பிரிக்கும் வேதிப்பொருள்), 1.4 மோலார் உப்பு உள்ள கரைசலில் புரோட்டினேஸ்-கே சேர்த்து 56 டிகிரியில் இரவு முழுக்க வைத்து, குளோரோஃபார்ம் கழுவல் இரண்டு முறை. ஸ்பின்-காலம் கிட் மட்டும் இருந்தாலும் பரவாயில்லை, கிடைத்த டிஎன்ஏவை 10 மடங்கும் 50 மடங்கும் நீர்த்து மூன்று செறிவிலும் பிசிஆர் போட்டுப் பாருங்கள். நீர்த்ததில் பட்டை வந்து நீர்க்காததில் வராவிட்டால் தடுப்புப் பொருள் இருக்கிறது என்று பொருள். பிஎஸ்ஏ (தடுப்புப் பொருளைப் பிடித்துக்கொள்ளும் புரதம்) மைக்ரோலிட்டருக்கு 0.2 முதல் 0.4 மைக்ரோகிராம் சேர்த்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். இரண்டாவதற்குத் தீர்வு கப்பல் தளத்திலேதான்: துண்டைச் சிறிதாக வெட்டி, திசுவைப் போலக் குறைந்தது 10 மடங்கு எத்தனாலில் போட்டு, மறுநாள் எத்தனாலை மாற்ற வேண்டும்.

பிரைமருக்கு, ஸ்டெஃபானியாக் குழு 2009-இல் டிடெம்னம் வெக்சில்லம் ஆய்வுக்காக வெளியிட்ட டியூனிகேட் பிரைமர் இணையை முதலில் போடுங்கள். ஒட்டும் வெப்பநிலையை 42 டிகிரியிலிருந்து மேலே படிப்படியாகச் சோதிக்கலாம். இதுவும் எல்லாக் குடும்பத்துக்கும் வேலை செய்யாது.

வரிசை வந்ததும் பிளாஸ்டுக்கு முன்பே ஒரு சோதனை: அமினோ அமிலமாக மொழிபெயர்த்துப் பாருங்கள். இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். முதுகெலும்பிலிகளுக்கான 5-ஆம் மரபுக்குறியீட்டு அட்டவணையைப் போடக் கூடாது. அசிடியன் மைட்டோகாண்ட்ரியாவுக்குத் தனி அட்டவணை உண்டு, எண் 13. அதில் ஏஜிஏ, ஏஜிஜி என்ற மூன்றெழுத்துக் குறிகள் இரண்டும் கிளைசின் என்ற அமினோ அமிலம். 5-ஆம் அட்டவணையில் அவை செரின். முதுகெலும்பிகளின் 2-ஆம் அட்டவணையிலோ அவை நிறுத்தக் குறிகள். தவறான அட்டவணையைப் போட்டு, நடுவில் நிறுத்தக் குறி வந்ததைக் கண்டு "போலி மரபணு" என்று நல்ல வரிசையைத் தூக்கி எறிவது நடக்கிறது. மறுபுறம், இந்த ஏஜிஏ-ஏஜிஜி இடங்கள் உங்களுக்கு இலவசச் சான்று. மற்ற விலங்குகளில் மாறாத கிளைசின் இருக்கும் இடத்தில் உங்கள் வரிசையில் ஏஜிஏ வந்தால் அது அசிடியன்தான். கோபிபாட்டில் அப்படி வராது.

(இ), (ஈ) இரண்டுக்கும் பிசிஆரில் நேரம் செலவழிக்காதீர்கள். குறைந்த ஆழத்தில் முழு ஜீனோமையும் வரிசைப்படுத்துவது இப்போது கைக்கு எட்டும் செலவு. சியோனா என்ற அசிடியனின் ஜீனோம் சுமார் 16 கோடி எழுத்துகள்தான். அந்த அளவை ஒட்டியதாக இருந்தால் 3 ஜிகாபேஸ் தரவில் ஒவ்வொரு எழுத்தும் சராசரியாக 15 முறைக்கு மேல் படிக்கப்படும். ஒரு செல்லில் பல படிகள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியா ஜீனோமும், 18எஸ்-28எஸ் தொகுதியும் முழுதாக வந்துவிடும். பிரைமர் பொருத்தம் என்ற தலைவலியே இல்லை. தொகுத்தபின் எல்லா மரபணுக்களும் ஒரே இழையில் இருக்கின்றனவா என்று பாருங்கள், அசிடியன் மைட்டோகாண்ட்ரியாவின் அடையாளம் அது. மரபணுக்கள் அடுக்கப்பட்டிருக்கும் ஒழுங்கு மட்டும் பேரினத்துக்குள்ளேயே தாறுமாறாக மாறும், ஆகவே அந்த ஒழுங்கை வைத்து உறவு சொல்ல முயல வேண்டாம்.

எந்த மரபணு எந்தக் கேள்விக்கு என்று கேட்டீர்கள். சிஓஐ சிற்றினத்துக்கு மட்டும். குடும்ப அளவில் அது அமிழ்ந்துபோகிறது. ஒரே இடத்தில் பலமுறை மாறியிருப்பதால் தூரத்து உறவு எதையும் காட்டாது. பிளாஸ்டில் "80% ஒற்றுமை, ஸ்டையலா" என்று வந்தால் அதை ஸ்டையலா என்று படிக்காதீர்கள், "தரவுத்தளத்தில் நெருங்கியது எதுவும் இல்லை" என்று படியுங்கள். குடும்பத்துக்கு 18எஸ், 28எஸ். அதற்கும் மேலே பெரும் பிரிவுகளின் உறவுக்கு நூற்றுக்கணக்கான உட்கரு மரபணுக்கள் வேண்டும். 2018-இல் டெல்சுக் குழுவும் கோகோட் குழுவும் தனித்தனியே அதைச் செய்தார்கள். நீரில் மிதந்து வாழும் தாலியேசியா அசிடியன்களுக்குள்ளேயே வருகிறது என்பது அதில் உறுதியானது. ஆக அசிடியேசியா என்ற வகுப்பே ஒரு முழுமையான கிளை இல்லை.

(ஈ) விஷயத்தில் உங்கள் 18எஸ் சொல்வது புதிதல்ல. ஆனாலும் ஒரு எச்சரிக்கை: மால்குலிடேயின் 18எஸ் மற்ற ஸ்டோலிடோபிராங்கியாவைவிட வேகமாக மாறியது. நீளக் கிளைகள் ஒன்றையொன்று இழுக்கும் கோளாறு இங்கே வர வாய்ப்பு அதிகம். அதைச் சோதிக்க, மால்குலிடேயை முழுவதும் நீக்கிவிட்டு உறவு மரத்தை மறுபடி போடுங்கள். (ஈ) ஸ்டோலிடோபிராங்கியாவுக்குள்ளேயே நின்றால் பெரும் பிரிவு அளவிலாவது நம்பலாம். அடிப்பகுதிக்கு ஓடிப்போனால் முதல் முடிவு சந்தேகத்துக்குரியது. சீரமைப்பில் வளையப் பகுதிகளை நீக்கியும் நீக்காமலும் இரண்டு முறை ஓட்டுங்கள்.

---

அலைவாய்:

இருவருக்கும் மிக்க நன்றி. (அ) மாதிரிகளில் ஆறில் முதிர்ந்த சூல்முட்டைகள் தெரிகின்றன, பக்கத்துக்கு ஒரே சுரப்பி. அட்டவணை 13-இல் போட்டதும் ஒரு வரிசையில் நிறுத்தக் குறிகள் மறைந்துவிட்டன.

இன்னும் இரண்டு சந்தேகம். (இ) ஒரே மாதிரிதான், வெட்டாமல் எவ்வளவு பார்க்க முடியும்? (அ) மாதிரிகளுக்குள் சிஓஐ வேறுபாடு ஏறக்குறைய 4% வருகிறது. 2% தாண்டினால் வேறு சிற்றினம் என்று எடுத்துக்கொள்ளலாமா?

---

வகைமாதிரி:

2%, 3% என்ற கோடுகளை இந்தக் குழுவில் விட்டுவிடுங்கள். டியூனிகேட்டுகளில் ஒரே சிற்றினத்துக்குள்ளேயே அதைத் தாண்டும் வேறுபாடு வரலாம். நான்கைந்து மாதிரியில் 4% என்பது "பாருங்கள்" என்ற அறிகுறி, அவ்வளவே. அசாப், பிடிபி போன்ற எல்லை வரையும் முறைகளும் ஒவ்வொரு சிற்றினத்துக்கும் பல மாதிரிகள் இருப்பதை எதிர்பார்ப்பவை. ஒன்றிரண்டு மாதிரி இருந்தால் மென்பொருள் ஏதோ ஒரு எண்ணைத் தரும், அதற்குப் பெரிய பொருள் இல்லை. கேட்க வேண்டிய கேள்வி: 4% பிரியும் அந்த இரு குழுக்களும் உட்கரு மரபணுவிலும் பிரிகின்றனவா? பிரிந்தால், உடலமைப்பில் ஏதாவது ஒரு பண்பு அதே கோட்டில் பிரிகிறதா? மைட்டோகாண்ட்ரியா மட்டும் பிரிந்து மற்ற இரண்டும் பிரியாவிட்டால் ஒரே சிற்றினமாக வைத்து, வேறுபாட்டைக் குறிப்பிட்டு எழுதுங்கள்.

இது எப்படி நடக்க வேண்டும் என்பதற்குச் சியோனா நல்ல எடுத்துக்காட்டு, ஆழ்கடல் இல்லாவிட்டாலும். சியோனா இன்டெஸ்டினாலிஸுக்குள் ஏ, பி என்று இரண்டு வகை இருப்பதை மரபணுக்கள் முதலில் காட்டின. அதன்பிறகு குழலின் மேலுறையில் உள்ள சிறு புடைப்புகள் போன்ற பண்புகளைத் தேடிப் பார்த்து, 2015-இல் ஏ வகையைச் சியோனா ரோபஸ்டா என்ற பழைய பெயருக்கு மாற்றினார்கள். பண்பு அங்கேயே இருந்தது. எங்கே தேடுவது என்று மரபணு சொன்னது.

(இ) மாதிரிக்கு வரிசை இப்படி. முதலில் முழு உருவமும் எல்லாப் பக்கமும் படம், அளவுகோலோடு. எத்தனாலில் நிறம் போய்விடும், உதடுகள் சுருங்கும். இரண்டாவது, வெளியேற்றுக் குழலருகே திசுத்துண்டு. மூன்றாவது, மைக்ரோ-சிடி (வெட்டாமல் எக்ஸ்-கதிரால் உள்ளே பார்க்கும் படம்). 70% எத்தனாலில் 1% அளவு பாஸ்போடங்ஸ்டிக் அமிலம் கலந்து, உள்ளே முழுக்க ஊறும்வரை வையுங்கள். 2 செ.மீ. விலங்குக்கு இரண்டு வாரமாவது ஆகும், நடுவில் கரைசலை மாற்றுங்கள். அவசரப்பட்டால் வெளிப்புறம் மட்டும் பிரகாசித்து நடுவில் குடல் கறுப்பாக இருக்கும். சாயத்தை திசு எடுத்தபின்பே ஏற்ற வேண்டும். ஸ்பிக்யூல் இருக்கலாம் என்று சந்தேகம் உள்ள மாதிரிக்கு இந்த அமிலச் சாயம் ஆகாது, அவற்றைச் சாயமில்லாமல் ஒருமுறை ஓட்டினாலே சுண்ணாம்பு பளிச்சென்று தெரியும். குடல் வளையம், சுரப்பி, நரம்புமுடிச்சு ஆகியவை சிடியில் கிடைத்துவிடும். செவுள் பையின் நுண்வலையும் தசைநார்களின் போக்கும் போதுமான தெளிவில் வராது. அதற்கு வாய்க்குள்ளிருந்து ஒரு சிறு துண்டு எடுத்தால் போதும், மாதிரி முழுதாக மிஞ்சும்.

இரண்டு உதடு, ஒளி ஊடுருவும் உடல் என்றால் ஆக்டாக்னெமிடே குடும்பம். மெகலோடிகோபியா, டிகோபியா பேரினங்கள்தான் முதலில் ஒப்பிட வேண்டியவை. மெகலோடிகோபியா ஹையன்ஸ் 1918-இல் அசாஜிரோ ஓகா விவரித்தது, ஜப்பானின் டொயாமா விரிகுடாவிலும் கலிஃபோர்னியாவின் மான்டரே ஆழ்பள்ளத்தாக்கிலும் நன்கு ஆராயப்பட்டது. குராபயாஷி குழு 2003-இல் அதன் 18எஸ் வரிசையைப் போட்டு ஃபிளெபோபிராங்கியாவுக்குள் வைத்தது. உங்கள் மரத்தில் அந்த வரிசையைச் சேர்க்காமல் விடாதீர்கள். இந்தப் பிரிவு எவ்வளவு ஆழம் போகும் என்பதற்கு, இதே குடும்பத்தின் சிட்டுலா பெல்லிகுலோசா குரில்-கம்சட்கா அகழியிலிருந்து 1969-இல் வினோகிராடோவா விவரித்தது.

பெயரிடும் நிலைக்கு வந்தால்: உங்கள் மாதிரி இந்திய எல்லைக்குட்பட்ட கடலிலிருந்து என்றால், 2002-ஆம் ஆண்டு உயிரியல் பன்மயச் சட்டத்தின் 39-ஆம் பிரிவுப்படி புதிய உயிரினத்தைக் குறித்து அங்கீகரிக்கப்பட்ட காப்பகத்துக்குத் தெரிவித்து, சான்று மாதிரியையும் அங்கே ஒப்படைக்க வேண்டும். இந்திய விலங்கியல் ஆய்வகம் அப்படிப்பட்ட ஒரு காப்பகம். இணையத்தில் மட்டும் வரும் இதழில் வெளியிட்டால் ஜூபேங்க் (விலங்குப் பெயர்ப் பதிவேடு) பதிவு கட்டாயம், அதன் எண் கட்டுரைக்குள்ளேயே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பெயரே செல்லாது.

---

செவுள்பை:

(ஈ) பற்றிச் சொல்வதாக இருந்தேன்.

சோர்பெரேசியாவைத் தனி வகுப்பாக 1975-இல் மோனியோ தம்பதியும் கைலும் முன்வைத்தார்கள். செவுள் பை ஏறக்குறைய இல்லை, இரையைப் பிடிக்கும் தசைமடல்கள், ஊனுண்ணி வாழ்க்கை. இவ்வளவு விலகிய உடலை அசிடியன் என்று சொல்ல முடியாது என்பது அவர்கள் வாதம். குயின்ஸ்லாந்து அருங்காட்சியகத்தின் பட்ரீசியா காட் 1989-இல் அதை மறுத்து, அதன் ஹெக்ஸாக்ரோபைலிடே குடும்பத்தை ஸ்டோலிடோபிராங்கியாவுக்குள், மால்குலிடேக்கு அருகில் வைத்தார். கவனியுங்கள், அப்போது கையில் ஒரு மரபணு வரிசையும் இல்லை. இல்லாத செவுள் பையை விட்டுவிட்டு, இருக்கும் உறுப்புகளை ஒப்பிட்டதால் கிடைத்த முடிவு அது. மரபணுக்கள் பின்னால் வந்து அதே பக்கம் நின்றன. எனவே உங்கள் 18எஸ் முடிவும் உடலமைப்பும் மோதவே இல்லை. மோதுவது 1975-இன் வகுப்புப் பெயரோடு மட்டும்.

இந்தியப் பெருங்கடல் மாதிரி என்பதால் இன்னொன்று: ஓகா 1913-இல் விவரித்த ஹெக்ஸாக்ரோபைலஸ் இண்டிகஸை முதலில் ஒப்பிட்டுவிடுங்கள். காட் 1989-இல் உருவாக்கிய பேரினத்துக்கு ஓகாவின் நினைவாக அசாஜிரஸ் என்று பெயர், இண்டிகஸ் இப்போது அதில். இந்தக் குடும்பத்தில் பேரினப் பெயர்கள் பலமுறை இடம் மாறியவை. உலகக் கடல்வாழ் உயிரினப் பதிவேட்டில் இன்றைய நிலையைப் பார்த்துவிட்டு, மூல விளக்கத்தையும் படித்தே எழுதுங்கள். வெட்டும்போது வாய்மடல்களின் எண்ணிக்கையும் கிளைப்பும், சுரப்பி இருபக்கமும் உண்டா என்பது, வலப்பக்கத்தில் சிறுநீரகப் பைக்கு ஒத்த அறை ஏதும் உண்டா என்பது, இரைப்பைக்குள் இருப்பது ஆகியவற்றைக் குறியுங்கள். இரைப்பையில் கிடக்கும் ஓட்டுடலிகளைத் தூக்கி எறியாமல் தனிக் குப்பியில் வையுங்கள். இந்த விலங்குகள் எதைத் தின்கின்றன என்பதற்கு நேரடிச் சான்று மிகக் குறைவு.

வகைமாதிரி சொன்னதில் ஒரு இடத்தில் மட்டும் உடன்பாடில்லை. 4% பிரிவைக் கண்டு பண்பு தேடும்போது, எல்லா மாதிரியையும் மரபணுக் குழு தெரிந்த பிறகு வெட்டினால் கண்ணுக்கு வேறுபாடு தெரிந்துகொண்டே இருக்கும். இந்த அளவில் நாள எண்ணிக்கை ஒன்றிரண்டு மாறுவது சாதாரணம். பாட்டிலில் எண் மட்டும் எழுதி, எந்த எண் எந்தக் குழு என்று தெரியாமலே எண்ணி முடித்துவிட்டு, பிறகு சேர்த்துப் பாருங்கள்.

---

பிசிஆர்மேசை:

அதற்கு என் முழு ஆதரவு. ஒன்று மட்டும் கூடுதலாக: டிஎன்ஏ எடுத்த துண்டும் வெட்டிய உடலும் ஒரே விலங்கு என்பது பாட்டில் எண்ணில் தெளிவாக இருக்க வேண்டும். "அதே இழுவையில் வந்த இன்னொன்று" என்று ஃபார்மலின் மாதிரியின் படத்தையும் எத்தனால் மாதிரியின் வரிசையையும் இணைத்து வெளியிட்டவை ஜென்பேங்க் வரிசைத் தரவுத்தளத்தில் இருக்கின்றன. மணல் போர்த்திய 4 மி.மீ. பொத்தான்கள் ஒரே இழுவையில் இரண்டு மூன்று சிற்றினமாகக் கலந்து வரும், வெளியே பார்த்தால் வேறுபாடு தெரியாது.

அடுத்த முறை கப்பலில் வாய்ப்பிருந்தால், மேலே வந்தவுடன் 2 முதல் 4 டிகிரி கடல்நீருக்கு மாற்றுங்கள். வெப்பமண்டலத் தளத்தில் வாளியில் அரை மணி நேரம் கிடந்தாலே திசு கெட ஆரம்பிக்கும். அசைவு இருந்தால் 7.5% மெக்னீசியம் குளோரைடு கரைசலைக் கடல்நீரோடு சம அளவு கலந்து, குளிரிலேயே தளரவிடுங்கள். தளராமல் நேரடியாகப் போட்டால் குழல்கள் உள்ளே இழுத்துக்கொள்ளும், பிறகு உணர்நீட்சிகளை எண்ண முடியாது. தளர்ந்ததும் குழலருகே துண்டு வெட்டி எத்தனாலுக்கு, மீதி உடல் போராக்ஸ் போட்டு நடுநிலையாக்கிய, கடல்நீரில் கலந்த 10% ஃபார்மலினுக்கு. இரண்டு குப்பியிலும் ஒரே எண், பென்சிலால் எழுதிய தாள் உள்ளேயும் ஒன்று. எத்தனாலில் பேனா மை கரைந்துவிடும்.

---

அலைவாய்:

நன்றி. (ஈ) வகையின் 18எஸ் மரத்தை மால்குலிடே இல்லாமல் மறுபடி ஓட்டுகிறேன். (அ) மாதிரிகளை எண் மட்டும் போட்டு வேறொருவரிடம் கொடுத்து நாளங்களை எண்ணச் சொல்லப்போகிறேன். (ஆ) மாதிரியின் ஸ்பிக்யூல் படம் கிடைத்ததும் இதே இழையில் போடுகிறேன், கூலியோலஸ் சிற்றினங்களை ஒப்பிட உதவுங்கள்.

---

செவுள்பை:

போடுங்கள். ஸ்பிக்யூலோடு, வெளியேற்றுத் துளையைச் சுற்றியுள்ள முகட்டின் படமும், இருபக்கச் சுரப்பிகளின் எண்ணிக்கையும், காம்பு உடலோடு சேரும் இடத்தின் படமும் வேண்டும். ஸ்பிக்யூலைச் செவுள் பை நாளத்திலிருந்து ஒன்றும் உடல்சுவரிலிருந்து ஒன்றும் தனித்தனியாக எடுங்கள். ஒரே விலங்கிலும் இடத்துக்கு இடம் வடிவம் மாறும், கலந்து எடுத்தால் ஒப்பிட முடியாது.